பருவ நிறைவுக் கடிதமும், காய்ச்சல் பற்றி ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது, கட்டுரைப் போட்டியில் பரிசுகள் வந்தன, தேர்வு முடிவுகளும் மனநிறைவாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் நடத்திய மருத்துவ வரலாற்றுக் கண்காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெர்மாமீட்டர் மேசையை விட்டு நகரவே எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் அது ஓர் அடி நீளம் இருந்ததாம். காய்ச்சல் பார்க்க 20 நிமிடம் பிடிக்குமாம். 1860களில் கிளிஃபர்ட் ஆல்பட் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கி, ஐந்து நிமிடத்தில் பார்க்க வழிசெய்தார். 1868இல் ஜெர்மானிய டாக்டர் வுண்டர்லிக், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல் சூட்டை அளந்து எழுதிய நூலில், காய்ச்சல் நோயல்ல, நோயின் அடையாளம் என்று காட்டினார்.

அந்த அடையாளத்தைத்தான் நம்மில் சிலர் காலையில் ஒரு மாத்திரையால் மறைத்துப் பிள்ளைகளை அனுப்புகிறோம். சென்ற மாதம் மூன்றாம் பாடவேளையில் ஒரு சிறுமி மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதிக்கிறது. பென்சில் டப்பாவுக்குள், தாளில் மடித்த பாதி மாத்திரை. தாளின்மேல் ‘12 மணி’ என்று பெரியவர் கையெழுத்து. அடுத்த வாரம் அந்த வகுப்பில் ஒன்பது பேர் வரவில்லை.

பாராசிட்டமால் சில மணி நேரம் சூட்டைத் தணிக்கும், அவ்வளவுதான். கிருமியை அது ஒன்றும் செய்யாது. கண்காட்சியில் இன்னொரு மாணவி, வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேரோ தீவுகளின் கதையைச் சொன்னாள். 1846இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் அங்கே போய் இறங்கினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். சில மாதங்களில் சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்குத் தட்டம்மை. அப்போதுதான் படிப்பை முடித்திருந்த பானும் என்ற இளம் டாக்டர் ஊர் ஊராகப் போய், யார் யாரை எந்த நாளில் சந்தித்தார்கள் என்று குறித்தார். தொற்றிய நாளிலிருந்து தடிப்பு வர ஏறக்குறைய 14 நாள் என்று கண்டுபிடித்தார். வெளியாரை விடாமல் கண்டிப்பாக இருந்த ஊர்கள் பல தப்பித்தன.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். வேலைக்கு விடுப்பு கிடைக்காது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தேர்வு வேறு. ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். மாத்திரை கொடுத்து அனுப்பியது தெரிந்தால் உடனே உங்களை அழைப்போம்; ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும்.

எங்கள் பக்கமும் ஒரு தவறு இருந்தது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பரிசு கொடுத்துவந்தோம். அடுத்த பருவத்திலிருந்து அந்தப் பரிசு கிடையாது. காய்ச்சலால் தேர்வு எழுதாதவர்களுக்கு மறுதேர்வு உண்டு. விடுபட்ட பாடங்களை வகுப்பாசிரியர் எழுதி அனுப்புவார்.

உடம்பு சரியில்லை என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடும் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அப்புறம், கண்காட்சிக்குப் பழைய தெர்மாமீட்டரைத் தேடி எடுத்துக் கொடுத்த அந்தத் தாத்தாவும். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்