எந்தக் கிண்ணத்தில் அரைத்தீர்கள் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆற்று வண்டலில் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குரோமியம், ஆலைப் பக்கத்து மண்ணில் இத்தனை பிபிஎம் ஈயம் என்று செய்தி வரும்போது கூடவே கருவியின் பெயரும் வருகிறது. ஐசிபி-எம்எஸ், எக்ஸ்ஆர்எஃப் என்று படித்ததும் எண் சரியாகத்தான் இருக்கும் என்று வாசகர் நம்பிவிடுகிறார். கருவி பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தன்னிடம் வந்த கால் கிராம் தூளில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்கிறது. அந்தத் தூளும் தோண்டிய இடத்து மண்ணும் ஒன்றுதானா என்பது அதற்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது அதற்கு முந்தைய அறை. உடைப்பது, பங்கிடுவது, அரைப்பது, கரைப்பது எல்லாம் நடக்கும் தூசி பறக்கும் அறை. பெரும்பாலான அறிக்கைகளில் அந்த அறையைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. குரோமியத்தையே உதாரணமாக வைத்து எழுதுகிறோம். ராணிப்பேட்டைக் கழிவால் அந்தப் பெயர் நம் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம்.

முதலில் அரைவை. கல்லையும் மண்ணையும் பொடியாக்க ஆய்வகங்களில் பெரும்பாலும் இருப்பது ரிங் மில். கனத்த கிண்ணம், அதற்குள் ஒரு வளையம், வளையத்துக்குள் ஓர் உருளைக் கட்டை. மூடி போட்டு இறுக்கி மோட்டாரில் சுழற்றி ஆட்டினால் ஐம்பது அறுபது கிராம் சாம்பிள் இரண்டு மூன்று நிமிடத்தில் மாவாகிவிடும். அந்தக் கிண்ணம் எதனால் ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலிவானதும் உழைப்பதும் குரோம் ஸ்டீல். அது தேயும்போது சாம்பிளில் இரும்பும் குரோமியமும் சேரும். கல் எவ்வளவு கடினமோ, எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு தேய்மானம். பல்லாவரத்துச் சார்னோகைட் போன்ற குவார்ட்ஸ் மிகுந்த கருங்கல்லை அரைத்தால் பத்துக்கணக்கான பிபிஎம் குரோமியம் சாதாரணமாக ஏறிவிடும். களிமண்ணை அரைத்தால் குறைவு. டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் என்றால் குரோமியத் தொல்லை இல்லை. ஆனால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் சேரும், அந்த இரண்டையும் பற்றி அப்புறம் பேச முடியாது. சிர்கோனியாவில் சிர்கோனியமும் ஹாஃப்னியமும். அகேட் என்னும் கடினக் கல்லாலான கிண்ணத்தில் சேருவது சிலிக்கா மட்டும், அதனால் நுண்தனிமங்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் மெதுவாக அரைக்கும், விலை அதிகம், பெரிய கல்லைப் போட்டால் விரிசல் விடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் கிண்ணம் என்று ஒன்று கிடையாது. எதைத் தேடுகிறோமோ அது இல்லாத கிண்ணத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். குரோமியத்தைத் தேடும் மண்ணைக் குரோம் ஸ்டீலில் அரைத்துவிட்டு வரும் எண்ணுக்கு ஆலையை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. உண்மையில் ஆலைதான் காரணம் என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் நாமே ஆயுதம் கொடுத்தது போலவும் ஆகிவிடும்.

அடுத்தது முந்தைய சாம்பிளின் மிச்சம். புது ஆட்டுக்கல் வாங்கினால் தவிட்டையோ அரிசியையோ போட்டு இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொட்டிவிட்டுத்தான் மாவாட்டுவார்கள். இங்கேயும் அதேதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இடையில் சுத்தமான குவார்ட்ஸ் மணலை ஒரு நிமிடம் ஓட்டிக் கொட்டி, கழுவி, உலர்த்தி, பிறகு அடுத்த சாம்பிளிலேயே ஒரு பிடி போட்டு அரைத்து எறிந்துவிட்டு மீதியை அரைக்க வேண்டும். கல்லை உடைக்கும் ஜா கிரஷருக்கும் காற்றடித்து, பிரஷ் போட்டு, முதல் பிடியை எறியும் இதே வழக்கம் வேண்டும். மாசு குறைவாக இருக்கும் என்று தோன்றுவதை முதலிலும், கழிவுக் குவியலில் எடுத்ததைக் கடைசியிலும் ஓட்டினால் பாதித் தொல்லை தீரும். அவசரத்தில் வரிசை மாறினால் சுத்தமான கிராமத்து மண்ணும் மாசுபட்டதாகத் தெரியும்.

சல்லடையில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. 200 மெஷ், அதாவது 75 மைக்ரான் சல்லடையில் சலித்துவிட்டு மேலே தங்கிய குருணையை எறிந்துவிடுகிறார்கள். தங்கியது வெறும் குருணை இல்லை. சீக்கிரம் பொடியாகாத கார்னெட், சிர்கான், குரோமியத் தாதுவான குரோமைட் போன்ற கனிமங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். தகடு தகடாக வழுக்கும் மைக்காவும் இருக்கும். அதை எறிந்தால் சாம்பிளின் ஒரு பகுதியையே எறிந்ததாகும். மேலே தங்கியதைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டு, எல்லாம் கீழே இறங்கும்வரை அரைக்க வேண்டும். பித்தளைச் சல்லடை தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கொடுக்கும். நைலான் துணி கட்டிய சல்லடையே உத்தமம். அதற்காக அரைத்துக்கொண்டே இருக்கவும் கூடாது. ஐந்தாறு நிமிடம் தாண்டினால் கிண்ணம் சூடாகும், தூள் அடியில் அப்பிக்கொள்ளும், பெரஸ் எனப்படும் இரண்டாம் நிலை இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து மூன்றாம் நிலைக்கு ஏறத் தொடங்கும். பெரஸ் இரும்பு அளக்க வேண்டுமென்றால் அசிட்டோன் ஊற்றி அகேட் உரலில் கையால் அரைப்பதே வழி.

ஏன் இவ்வளவு பொடியாக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு குரோமைட் மணி கால் கிராம் சாம்பிளில் விழுந்துவிட்டால், அது மட்டுமே சுமார் 350 பிபிஎம் குரோமியத்தைக் கூட்டும். விழாவிட்டால் பூச்சியம். அதே சாம்பிளை மூன்று முறை எடுத்து மூன்று எண் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த மணியை 75 மைக்ரானாக உடைத்தால் கிட்டத்தட்ட முந்நூறு துண்டாகும். ஒவ்வொரு துண்டும் கூட்டுவது ஒரு பிபிஎம் சொச்சம். அப்போதுதான் கால் கிராம் முழு மூட்டைக்கும் சாட்சி சொல்லும். மணியின் அளவு இரட்டித்தால் எடுக்க வேண்டிய எடை எட்டு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்தால், பெரிய மணிகள் கொண்ட கல்லுக்குக் கைப்பிடி அளவு போதாது, ஐந்து கிலோவாவது வேண்டும் என்பது புரியும்.

பங்கிடுவதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். அரிசி மண்டியில் குத்தூசியால் மூட்டையின் மேல், நடு, அடி என்று குத்திப் பார்ப்பார்கள். மேலே மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் ஏமாறுவார். உடைத்த கல்லைக் குவியலாகக் கொட்டினால் பெரிய மணி சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும், மாவு நடுவில் நிற்கும். உச்சியிலிருந்து கரண்டியால் அள்ளுகிறவர் மாவை மட்டுமே அள்ளுகிறார். புட்டியைத் தட்டித் தட்டி நிரப்பினால் பெரியது மேலே வரும், அதுவும் தப்பு. சாம்பிளைக் காடிகள் வழியே இரண்டு பங்காகப் பிரிக்கும் ரிஃபிள் ஸ்ப்ளிட்டர் இருந்தால், அதன் அகலத்துக்குச் சமமான தட்டிலிருந்து ஒரே சீராகச் சரிக்க வேண்டும். ஒரு மூலையில் கொட்டக் கூடாது. காடிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவும், ஒவ்வொன்றின் அகலம் பெரிய மணியைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பில் மூன்று முறை கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகக் கீறி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கலாம். மூன்று முறை என்றால் மூன்று முறை. ஒரு முறை குவித்துவிட்டுப் பிரித்தால் குவிக்காததற்குச் சமம்.

மண்ணையும் வண்டலையும் எந்த அளவில் சலித்தார்கள் என்பதும் எண்ணை மாற்றும். உலோகங்கள் பெரும்பாலும் நுண்ணிய களியில் ஒட்டிக்கொள்கின்றன. குவார்ட்ஸ் மணல் அதை நீர்க்கச் செய்கிறது. அடையாற்று வண்டலை ஒருவர் 2 மில்லிமீட்டருக்குக் கீழே எடுத்து அளக்கிறார், இன்னொருவர் 63 மைக்ரானுக்குக் கீழே. இரண்டாமவருக்கு எண் கூடுதலாகவே வரும். ‘அளவு உயர்ந்துவிட்டது’ என்று தலைப்புப் போடுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

உலர்த்துவதற்கு 105 டிகிரி ஓவன் என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பாதரசம் அளப்பதாக இருந்தால் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஆவியாகிப் போய்விடும். நச்சு வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தை அளக்க வேண்டுமென்றால் ஓவன் பக்கமே போகக் கூடாது. ஈரத்தோடு, 4 டிகிரியில் குளிர வைத்து, காரக் கரைசலில் 90 முதல் 95 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சூட்டிலும் அமிலத்திலும் அது மண்ணிலுள்ள மக்கிய பொருளோடு வினைபுரிந்து நச்சு குறைந்த ட்ரைவேலன்ட்டாக மாறிவிடும். உலர்த்திப் பொடித்து அமிலத்தில் கரைத்துவிட்டு ‘நச்சுக் குரோமியம் இல்லை’ என்று எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

கரைப்பதில் குளறுபடி எதிர்ப்பக்கம் போகிறது, எண் கூடாமல் குறைகிறது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் சேர்ந்த ராஜ திராவகம் களியில் ஒட்டியிருக்கும் உலோகத்தை எடுத்துவிடும், குரோமைட்டைத் தொடாது. ஹைட்ரோஃபுளோரிக் சேர்த்தால் சிலிகேட் கரையும். அப்போதும் குரோமைட்டும் சிர்கானும் டெஃப்லான் கிண்ணத்தின் அடியில் கரும்புள்ளியாகவும் வெண்புள்ளியாகவும் கிடக்கும். கரைசலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வடிகட்டினால் யாருக்கும் தெரியாது. குரோமைட்டுக்கு சோடியம் பெராக்சைடு போட்டு சிர்கோனியம் குரூசிபிளில் உருக்குவதே வழி. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் இயற்கையாகவே குரோமைட் உண்டு. அந்த மண்ணை ராஜ திராவகத்தில் கரைத்தவரும் உருக்கியவரும் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டார்கள், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஒருவர் சொல்வது வெளிப்படக்கூடிய அளவு, மற்றவர் சொல்வது மொத்தம். எது என்று எழுதாத எண்ணால்தான் வம்பு. ஹைட்ரோஃபுளோரிக் கையாளும் மேசையில் அதன் புண்ணுக்குப் போடும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அன்று வேலையைத் தொடங்கவே கூடாது.

எக்ஸ்ஆர்எஃப்புக்குச் சென்னையின் ஈரக்காற்று தனித் தலைவலி. சாம்பிளை உருக்கிப் பீடு என்னும் கண்ணாடி வில்லையாக வார்க்கச் சேர்க்கும் லித்தியம் போரேட் ஈரத்தை உறிஞ்சும். சுட்டு உலர்த்தி டெசிகேட்டர் என்னும் ஈரம் நீக்கும் ஜாடியில் வைக்காமல் எடை போட்டால் சாம்பிளுக்கும் அதற்குமான விகிதம் தவறும். ஐப்பசி கார்த்திகையில் சிலிக்கா ஜெல் நிறம் மாறுவதை வாரம் இருமுறையாவது பார்க்க வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. பள்ளிக்கரணை போன்ற இடங்களில் கட்டுமானத்துக்கு முன் மண் நனைந்தால் உப்பிப் பெருகுமா என்று பார்க்க 2 மைக்ரானுக்குக் கீழான களியைப் பிரித்து கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்ஆர்டி கருவியில் பார்ப்பார்கள். தண்ணீரில் கலக்கி வைத்து, குறிப்பிட்ட நேரம் கழித்து மேல் 10 சென்டிமீட்டரை உறிஞ்சி எடுப்பது முறை. 20 டிகிரித் தண்ணீருக்கு அந்த நேரம் ஏறத்தாழ ஏழே முக்கால் மணி. சென்னையில் ஏசி இல்லாத அறையில் தண்ணீர் 30 டிகிரி. அப்போது ஆறு மணி பத்து நிமிடம் போதும், சூடான நீர் இளகி மணிகள் சீக்கிரம் இறங்கிவிடும். 20 டிகிரிக் கணக்கையே பிடித்துக்கொண்டால் சற்றுப் பெரிய, அதிகம் உப்பாத கயோலினைட் களி கீழே போய்விடும், மிக நுண்ணிய, உப்பும் களியான ஸ்மெக்டைட்டின் பங்கு கூடித் தெரியும். மண் உள்ளதைவிட அதிகமாக உப்பும் என்று பொறியாளர் நினைப்பார். மாலையில் ஏசியை அணைத்துவிட்டுப் போனால் சூடு மாறி ஜாடிக்குள் நீர் சுழலும், பிரித்ததே வீண். இந்தக் களியை ரிங் மில்லில் போட்டுவிட்டால் கனிமத்தின் அடுக்கே குலைந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

‘நாங்கள் சான்றளிக்கப்பட்ட தரமாதிரி (எதில் எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்த தூள்) ஓட்டிப் பார்த்தோம்’ என்று ஆய்வகங்கள் சொல்லும். நல்லதுதான். ஆனால் அந்தத் தரமாதிரி புட்டியில் ஏற்கெனவே மாவாக வருகிறது. கிரஷரையும் ஸ்ப்ளிட்டரையும் கிண்ணத்தையும் அது பார்த்ததே இல்லை. அவற்றைச் சோதிக்கச் சுத்தமான குவார்ட்ஸ் கட்டியை எடுத்து, மற்ற சாம்பிளோடு வரிசையில் விட்டு, உடைத்து அரைத்துக் கரைத்து, அதில் வரும் குரோமியத்தை அறிக்கையிலேயே எழுத வேண்டும். இருபது சாம்பிளுக்கு ஒன்று போதும். அதோடு எந்தக் கிண்ணம், எந்த அளவுச் சல்லடை, எந்த அமிலம் அல்லது உருக்கல் என்று மூன்று வரி. தங்கள் நிருபர்கள் எண்ணோடு சேர்த்து இந்த மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிட்டால், ஆய்வகங்கள் தாமாகவே எழுதத் தொடங்கிவிடும்.

மண் எடுத்து அனுப்ப நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். பெயின்ட் அடித்த மண்வெட்டி பட்ட பக்கத்தை மரக்கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு உள்மண்ணை எடுங்கள். துத்தநாகப் பூச்சு வாளி வேண்டாம். ஒரு கிலோ, புது பாலித்தீன் பை, அதன் மேல் இன்னொரு பை, சீட்டை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். உள்ளே போட்டால் ஈரத்தில் எழுத்து கரைந்துவிடும். நிழலில் காய வைக்கும்போது பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் மண்ணைப் பரப்பாதீர்கள், மையும் காகித நாரும் சேர்ந்துவிடும். தங்கள் நாளிதழுக்கும் இது பொருந்தும். ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
பாறை, மண் மாதிரி தயாரிப்பில் பணிபுரிவோர் சிலர்,
கிண்டி, சென்னை-32.