மகனுக்கு, அந்தக் கிளியரன்ஸ் போம் விஷயமாக

அன்பின் மகனுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். வட்ஸ்அப்பில் போடுவதைப் பார்க்கிறாய், பதில்தான் இல்லை. வேலை கூடவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறுதலாக வாசிப்பாய் என்றுதான் இதை எழுதித் தங்கச்சியிடம் கொடுத்து இமெயிலில் அனுப்புகிறேன்.

கடைசியாகக் கதைத்தபோது வேலைக்கான செக்கியூரிட்டி கிளியரன்ஸ், அதுதான் உன் பின்னணியைப் பார்த்துக் கொடுக்கிற பாதுகாப்பு அனுமதி, தொடங்கிவிட்டது, இனிப் பழைய கதைகளைப் போனில் எடுக்க வேண்டாம் என்றாய். சரி, எடுக்கவில்லை. ஆனால் கச்சேரியில், அரச அலுவலகத்தில், இருந்தவனுக்கு விண்ணப்பப் போம் என்றால் சும்மா இருக்க ஏலாதே, தங்கச்சியை வைத்துத் தேடித் தேடி வாசித்தேன். நீ குடியுரிமை எடுக்க முன்னம் பி.ஆரில், நிரந்தர வதிவிட விசாவில், இருந்தபோது இதே கம்பனி உன்னை எடுக்காத காரணம் இப்போதுதான் விளங்கியது. அவுஸ்திரேலியாவில் குடியுரிமை இல்லாதவனுக்கு, மிக அபூர்வமாக விலக்குக் கொடுத்தால் ஒழிய, கிளியரன்ஸ் இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான், வெளியாளுக்கு எப்போதாவது மட்டுப்படுத்தின அனுமதி ஒன்று கொடுப்பார்கள். லண்டனில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே எத்தனை வருஷம் இருந்தாய் என்பதைத்தான் கூடப் பார்க்கிறார்கள், எஸ்.சி. என்கிற மட்டத்துக்குப் பெரும்பாலும் 5 வருஷம், அதற்கு மேல் மட்டமான டி.வி.க்கு 10. பெரியம்மாவின் மகன் போன கையோடு அந்த வேலைக்குத்தான் போட்டானாம், அவனுக்கு யார் சொல்வது. இந்த மூன்று நாட்டிலும் ஆள் தானாகப் போய் இதற்கு விண்ணப்பிக்க முடியாது, வேலை கொடுக்கிற பக்கம்தான் முன்னின்று கேட்க வேண்டும். இது தெரியாமல் இங்கே டவுனில் பொடியன்கள் கிளியரன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறவனிடம் காசைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். என் மகனை அவர்களே தேடி எடுத்தார்கள் என்று கச்சேரிக் கூட்டாளிகளிடம் சொல்லாத நாள் இல்லை. சொன்னவுடன் அவர்கள் கேட்பது, மகன் போன் எடுப்பானா என்று.

உனக்குக் கேட்கிற என்.வி. 1 மட்டக் கிளியரன்ஸ் என்றால் பின்னோக்கி 10 வருஷம் காட்ட வேண்டும். கட்டுபெத்தைப் போர்டிங், தெஹிவளை அறை, கட்டாரில் இருந்த இரண்டு இடம், எல்லாம் திகதியோடு. நீ அனுப்பின பார்சல் தாள்களை நான் எறியவில்லை. கட்டாரில் இடம் மாறின திகதி என் டயறியில் இருக்கிறது. எல்லாவற்றையும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். இடையில் ஒரு மாதம்கூட வெறுமையாக விடாதே.

மறுகா, மாமா விஷயம். நீ அதைத்தான் யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முதல்முறை அவுஸ்திரேலியாவுக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டாயே, அப்போது ஸ்டேஷனில் இருந்து விசாரிக்க வந்தார்கள், உன்னிடம் சொல்லவில்லை. அம்மா குசினிக்குள் போய் நின்றுகொண்டாள். வந்தவன் தமிழ்ப் பொடியன். சுவரில் மாமாவின் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை, உள்ளே இருந்து அம்மாதான் "என்ட தம்பி" என்றாள். அவன் ஒன்றும் எழுதவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். சான்றிதழ் கொழும்பில் இருந்து ஒழுங்காக வந்தது.

கேட்டால் உள்ளதைச் சொல். 1990, வந்தாறுமூலை, அதற்குப் பிறகு ஆள் இல்லை, அவ்வளவுதான். மரணச் சான்றிதழ் கேட்டால் இல்லை என்று சொல். 2016இல் வந்த சட்டத்தின்படி காணாமற்போனதற்கென்றே ஒரு சான்றிதழ் எடுக்கலாம், அம்மா அதற்கும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நிற்கிறாள், நான் வற்புறுத்தவில்லை. கிளியரன்ஸ் கொடுக்கிறவர்கள் பார்க்கிற குணங்களில் முதலாவது நேர்மை. ஒளித்தது பிடிபட்டால், விஷயத்தைவிட ஒளித்ததுதான் பெரிசாகும். ஒளிக்காதே. கேட்காததை நீயாக இழுத்துச் சொல்லவும் வேண்டாம், ஆனால் ஒளிக்காதே.

வெளிநாட்டில் யார் யாரோடு தொடர்பு என்று கேட்கிற இடத்தில் இப்போது நாங்களும் வருவோம். எங்கள் பெயரை எழுது, எத்தனை தரம் கதைக்கிறாய் என்று கேட்டால் அதையும் எழுது. தொடர்பு இருந்தால் சொல் என்றுதான் இருக்கிறது, தொடர்பை விடு என்று ஒரு இடத்திலும் இல்லை. நான் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். தங்கச்சியையும் வாசிக்கச் சொன்னேன், அவளும் அப்படி இல்லை என்கிறாள்.

கிடைத்த பிறகும் வெளிநாட்டுப் பயணம், கலியாணம் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டுமாம். அறிவித்துவிட்டு ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வா, மாமாங்கக் கோயிலுக்கு அம்மா உன்னோடுதான் போவேன் என்கிறாள். போன வருஷமும் இதைத்தான் சொன்னாள்.

அம்மாவின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுது, வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதிவிடாதே. தங்கச்சியின் பிறந்த திகதி 14 இல்லை, 16. ஒவ்வொரு முறையும் நீ அதைத்தான் பிழையாகப் போடுகிறாய். சந்தேகம் என்றால் போன் எடுத்துக் கேள்.

அப்பா