விடைக்கு முன்னால் மாணவரின் ஊகத்தைக் கேளுங்கள்

பொறியியல் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஆய்வகப் பாடங்களை இணையத்துக்குக் கொண்டுவருகிறீர்கள், நல்லது. ஆனால் திறந்து பார்த்தால் ஒரு வீடியோ, கீழே செய்முறை, அதற்கும் கீழே நிரப்ப ஓர் அட்டவணை. அச்சில் இருந்ததே திரைக்கு வந்திருக்கிறது. இந்த மதிப்பைப் போடு, பொத்தானை அழுத்து, வந்த எண்ணை எழுது என்றால் மாணவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் முழு மார்க் வாங்கிவிடலாம், வாங்கவும் செய்கிறார்கள்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். ஒரே அளவு தண்ணீர் உள்ள இரண்டு குவளைகள், வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராது. ஒன்றில் முழுப் பனிக்கட்டி, மற்றதில் அதே எடைக்கு நொறுக்கிய பனிக்கட்டி. எது தண்ணீரை அதிகம் குளிர்விக்கும்? சமன்பாடுகளை மளமளவென்று எழுதுகிற மாணவர்களிலும் பலர் நொறுக்கியதுதான் என்பார்கள். மேற்பரப்பு அதிகம் என்பதால் அது சீக்கிரம் குளிர்விக்கும், சரி. ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டி உருக சுமார் 334 ஜூல் வேண்டும், முழுசோ பொடியோ அதில் மாற்றமில்லை, அதனால் கடைசியில் இரண்டு குவளையும் ஒரே வெப்பநிலைக்குத்தான் வரும். வேகத்தையும் அளவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இந்தப் பிழை, விரிவுரை கேட்டு மட்டும் போய்விடுவதில்லை. நாளைக்கு வெப்பப் பரிமாற்றி வடிவமைக்கப் போகிறவரிடம் அது இருக்கலாமா?

இதையே சிமுலேஷனாக, அதாவது கணினியில் ஓடும் சோதனையாகக் கொடுங்கள், ஆனால் ஊகத்தையும் காரணத்தையும் எழுதி அனுப்பிய பிறகுதான் அது ஓட வேண்டும். இரண்டு வளைகோடுகளும் வெவ்வேறு வேகத்தில் இறங்கி ஒரே இடத்தில் சேர்வதை மாணவர் பார்க்கட்டும். பார்த்த கையோடு விளக்கத்தை நீட்டிவிடாதீர்கள். தன் காரணம் எங்கே பிசகியது என்று அவர் எழுதட்டும், வேறு மாதிரி ஊகித்த இன்னொருவரோடு வாதாடட்டும், அப்புறம் அதே அறையில் வெகுநேரம் கிடந்த உலோகத் தகடு மட்டும் தொட்டால் மரப்பலகையைவிட ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஊகம் தப்பானதற்காக மார்க்கைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த முறை யாரிடமாவது விடையைக் கேட்டு எழுதுவார்கள், அதோடு பயிற்சிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

மென்பொருளைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வழிகாட்டலைக் குறைத்துவிட்டால் புதிதாகக் கற்பவர் திணறிப்போவார் என்று 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் எழுதியது நியாயமான எச்சரிக்கை. எந்தக் கேள்வி, எந்த வரிசை, எங்கே நிறுத்தி யோசிக்க வைப்பது என்பதெல்லாம் ஆசிரியரின் வேலை, அதற்கு நேரம் பிடிக்கும். பாடத்திட்டத்தில் ஏதாவது இரண்டு தலைப்பைக் குறைக்காமல் அந்த நேரம் கிடைக்காது.

பலன் இருக்குமா என்று தயங்குபவர்களுக்கு: அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்கள் தாங்களே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8. ஆனால் மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இப்படிக் கற்றவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். ஆகவே ஒரு செமஸ்டர் கருத்துப் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடாதீர்கள்.

கருவிக்குப் பெரிய செலவு இல்லை. இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்கள் இலவசம், பலவற்றைத் தரவிறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். சிமுலேஷனில் அளவீட்டுப் பிழை பெரும்பாலும் தெரியாது என்பதால், உண்மையான சோதனையில் கிடைத்த ஒழுங்கற்ற தரவையும் கூடவே கொடுங்கள்.

அடுத்த செமஸ்டரில் வெப்பப் பரிமாற்றத்தில் ஓர் அலகை மட்டும் இப்படி நடத்துங்கள். பனிக்கட்டிக் கேள்வியின் சாயலில் சில கேள்விகளைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கேட்டு, இரண்டு முறையும் வந்த விடைகளை எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.