மழை பெய்தால் படுத்துவிடும் பேஸ் ஆன்டெனா: மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: ஆன்டெனாவின் மேட்சிங் பெட்டிக்குள் (கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் அடிப்பெட்டி) தண்ணீர் இறங்குவது, வாரண்டியில் மாற்றித் தர மறுப்பது, உங்கள் ஊழியர் பேசிய பேச்சு ஆகியவை குறித்து.

ஐயா,

வணக்கம். நான் ஒரு ஹாம், அதாவது உரிமம் வாங்கிச் சொந்த ஆர்வத்தில் ரேடியோவில் பேசுகிறவன். 2024 செப்டம்பரில் உங்கள் நிறுவனத்தின் அரை அலை பேஸ் ஆன்டெனாவை (வீட்டு மாடியில் நிறுத்தும் வகை) ரூ. 7,850 கொடுத்து வாங்கினேன். பில், வாரண்டி அட்டை, வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஃபோனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக யாரோ எடுக்கிறார்கள், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள், பாதியில் லைன் கட்டாகிறது. அதனால் எழுத்தில் வைக்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். வெயில் நாளில் ஆன்டெனா நன்றாக இருக்கிறது. மழை பெய்தால் எஸ்டபிள்யூஆர் (பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு, 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) 4-க்கு மேல் ஏறிவிடுகிறது. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் மெதுவாக இறங்குகிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. எஸ்டபிள்யூஆர் 4 என்றால் அனுப்புகிற பவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரேடியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரைக் குறைத்துவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு என் குரல் கேட்பதே இல்லை.

பொருத்தியதில் எந்தக் குறையும் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் வீட்டு மொட்டை மாடியில், மின்கம்பிகளிலிருந்து நன்றாக ஒதுங்கி, 20 அடி ஜிஐ பைப்பில், மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறேன். உங்கள் பெட்டியில் இருந்த அளவு அட்டையைப் பார்த்தே மேல் குழாயை 27 மெகாஹெர்ட்ஸ் குறியிலிருந்து சுமார் 20 செ.மீ. உள்ளே தள்ளி 28.4-க்கு வைத்தேன். கனெக்டருக்கு டேப் சுற்றி, கேபிளில் தண்ணீர் வழிந்து இறங்க ஒரு வளைவும் விட்டிருக்கிறேன். ஏற்றிய அன்று மீட்டரில் 1.3 காட்டியது. எனக்கு மிகுந்த சந்தோஷம். உங்களைப் பற்றி நண்பர்களிடம் நல்லபடியாகச் சொன்னேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அப்புறம் ஐப்பசி மழை தொடங்கியது.

கேபிளில்தான் கோளாறா என்று நானே சோதித்தேன். மேலே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் அந்த முனையில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சோதனைத் தடை) மாட்டி, கீழே வந்து பார்த்தேன்: 1.1. மழை தூறிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். கேபிளும் கனெக்டரும் சரி. ஆன்டெனாவை மாட்டினால் 4. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? போதாததற்கு, ஆன்டெனாவைக் கீழே இறக்கி அடியிலிருக்கும் மேட்சிங் பெட்டியைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. வீடியோவில் உங்களுக்கும் கேட்கும். வாட்டர் புரூஃப் என்று சீல் வைத்த பெட்டி அது. கேபிள் நுழையும் இடத்தில் நீர் இறங்குகிறது, வெளியேற அடியில் ஒரு துளைகூட இல்லை. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள், அதனால் நான் திறக்கவில்லை.

இவ்வளவையும் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பொறுமையாகச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு ஒருவர் சொன்னார்: "சார், இந்தக் காலத்துல கையில செல்போன் இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? வாங்கும்போதே யோசிச்சிருக்கணும்."

ஐயா, உங்கள் பொருளை விற்று வரும் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் சொன்ன வார்த்தை இது. அந்த உரையாடலைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரலே ஆரம்பத்தில் சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

எதற்கு என்று நான் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, செல்போனுக்கு சார்ஜ் போட வழியில்லை. 2004 சுனாமி அன்று போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத் தன் ரேடியோவை வைத்துக்கொண்டு தகவல்களை வெளியே கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அந்த சுனாமியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார் பேட்டரியும் ரேடியோவும் ஆன்டெனாவும் இருந்தால் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஐயா இது. தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் வாங்கி நடத்துகிறேன். "போலீஸ் பர்மிஷன் இருக்கா?" என்று உங்கள் ஊழியர் இன்னொருவர் கேட்டார். உரிமத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் அங்கே 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் ஊருக்குள் புகுந்தது. புதுச்சேரியில் இருக்கும் என் நண்பர் 28 மெகாஹெர்ட்ஸில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் குரல் எனக்கு மங்கலாகக் கேட்கிறது. என் குரல் அவருக்குப் போகவில்லை. இருபது கிலோமீட்டர் சொச்ச தூரம்! மாடிக்கு மேலே உங்கள் ஆன்டெனா தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறது. எந்த நாளுக்காக வாங்கினேனோ அந்த நாளில் அது உதவவில்லை. இதற்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் டெக்னீஷியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து வந்தார். எஸ்டபிள்யூஆர் மீட்டர் அவரிடம் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஷார்ட் காட்டுது சார், கேபிள் போச்சு" என்றார். அந்த ஆன்டெனா டிசி கிரவுண்ட் செய்யப்பட்டது (உள்ளேயே தரையோடு இணைத்தது), மல்டிமீட்டரில் ஷார்ட் காட்டத்தான் செய்யும், மின்னல் நேரத்தில் தேங்கும் மின்னூட்டம் தரைக்குப் போவதற்கு அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று உங்கள் அட்டையிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேபிளை மாற்றினால்தான் ரிப்போர்ட் எழுதுவேன் என்றார். வேறு வழியில்லாமல் 25 மீட்டர் ஆர்ஜி 213 கேபிள் புதிதாக வாங்கினேன். கம்பத்தை இறக்கி ஏற்ற ஆள் கூலி தனி. அடுத்த மழையில் மறுபடியும் 4. சொந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஆளை எதற்கு அனுப்புகிறீர்கள்? ரிப்போர்ட்டில் "வாடிக்கையாளர் கேபிள் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறாராம். இது பொய்.

அந்தப் பொய்யால்தான் சென்னைப் பயணமும் வீணாயிற்று. ஆன்டெனாவைக் குழாய் குழாயாகப் பிரித்து, சாக்கில் சுற்றி, ஈசிஆர் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். எனக்கு வயது 66. கண்டக்டரிடம் லக்கேஜுக்குத் தனியாகக் காசு கொடுத்தேன். வாசலிலேயே நிறுத்தி, உங்கள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று கம்ப்யூட்டரில் இருக்கிறது, புதுப் புகார் எண் இல்லாமல் உள்ளே எடுக்க முடியாது என்றார்கள். புது எண் அங்கேயே போடுங்கள் என்றேன். ஃபோனில்தான் போட வேண்டுமாம். அந்த வாசலில் நின்றபடியே ஃபோன் செய்தேன், பாட்டு கேட்டுக்கொண்டு நின்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு ஒருவர் வெளியே வந்து, இதைப் பார்க்கிற இன்ஜினியர் லீவு, வேண்டுமானால் வைத்துவிட்டுப் போங்கள், ரசீது தர முடியாது என்றார். ரசீது இல்லாமல் யார் வைப்பார்கள்? அதே சாக்கோடு இரவு கடலூர் வந்து சேர்ந்தேன். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

கடைசியாக வந்த மின்னஞ்சலில் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். கடலோர உப்புக் காற்று என்பதால் வாரண்டி பொருந்தாது என்பது ஒன்று. வாரண்டி அட்டையில் அப்படி ஒரு வரி இல்லை. உங்கள் அலுவலகம் இருக்கும் சென்னையும் கடலோரம்தான்.

இரண்டாவது காரணத்தைப் படித்துத் திகைத்துப்போனேன். இது சிபி (பொதுமக்கள் பேசும் ரேடியோ) ஆன்டெனா, ஹாம் பேண்டில் பயன்படுத்தியதால் வாரண்டி செல்லாது என்கிறீர்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "26 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை" என்று அச்சிட்டிருக்கிறது. 28.4 அதற்குள் வருகிறதா இல்லையா? மேலும், நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் சிபிக்கு 2005-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 5 வாட், கருவியோடு சேர்ந்த ஆன்டெனா. அப்படியானால் மாடியில் நிறுத்தும் ஐந்து மீட்டர் ஆன்டெனாவை இங்கே யாருக்காக விற்கிறீர்கள்? எங்களைப் போன்ற ஹாம்களை நம்பித்தானே? விற்கும்போது ஹாம் வேண்டும், வாரண்டி கேட்டால் ஹாம் ஆகாதா?

இன்னொரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சூரியப் புள்ளிகளின் சுழற்சி ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை உச்சத்துக்கு வருகிறது. 2024-இல் உச்சம் வந்தது. உச்சம் என்றால் 10 மீட்டர் பேண்டில் (நான் பேசும் 28 மெகாஹெர்ட்ஸ்) ஜப்பானும் ஐரோப்பாவும் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கிற காலம். இந்த சீசனின் பெரும்பகுதி எனக்குப் போயிற்று. அடுத்த உச்சம் வரும்போது எனக்கு 77 வயதாகும், நான் இருப்பேனா என்று யாருக்குத் தெரியும்? என் வாழ்நாளின் கடைசி நல்ல சீசனை உங்கள் நிறுவனம் எடுத்துக்கொண்டது என்றே நினைக்கிறேன். இதைச் சொன்னால் "எதுக்கு சார் இதெல்லாம்" என்று அந்த ஊழியர் மறுபடியும் கேட்பார். அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. அலுமினியக் குழாய்கள் நல்ல தரம், புயலிலும் வளையவில்லை. அந்தப் பெட்டி ஒன்றைச் சரியாக அடைத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. அதனால் பணிவாகக் கேட்கிறேன். தண்ணீர் இறங்காத புதிய மேட்சிங் பெட்டியையோ முழு ஆன்டெனாவையோ என் வீட்டுக்கே அனுப்புங்கள். தேவையில்லாமல் வாங்க வைத்த கேபிளின் விலையையும் ஆள் கூலியையும் கொடுங்கள். "தீர்க்கப்பட்டது" என்ற பதிவைத் திருத்துங்கள். அந்த ஊழியர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதன்பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. சென்னையிலிருந்து நீங்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்பேன். அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும். ஃபோன் வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

இணைப்பு: பில், வாரண்டி அட்டை, உரிம நகல், பெட்டியின் புகைப்படம், வெயிலிலும் மழையிலும் எடுத்த மீட்டர் படங்கள், வீடியோ.

பி.கு.: பழைய ஆன்டெனாவை எடுத்துப்போக ஆள் அனுப்பினால், மழை இல்லாத நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு அனுப்பவும். பைப்பும் ஸ்டே கம்பிகளும் யூ கிளாம்ப்புகளும் நான் தனியாக வாங்கியவை, அவற்றில் கைவைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.