குட்டி கேட்டு வாறவங்களுக்கு ஒரு விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என்ட அக்காவும் அத்தானும் திருகோணமலை அலஸ்தோட்டத்தில ராஜபாளையம் நாய் வளர்க்கிறாங்க. அத்தானுக்கும் வட்ஸ்அப்புக்கும் சரிவராது, அதால குட்டி கேட்டு வாற மெசேஜ் எல்லாம் என்ட போனுக்குத்தான் வரும். அதில முக்கால்வாசி ஒரே சொல்லு, "எவ்வளவு?" வணக்கம் இல்ல, பேர் இல்ல, எந்த ஊர் எண்டும் இல்ல. நீங்க ஆர், எங்க இருந்து கதைக்கிறீங்க எண்டு கேட்டா "முதல்ல விலையச் சொல்லுங்க" எண்டு வரும், கொஞ்ச நேரத்தில "லாஸ்ட் பிரைஸ்?" எண்டு இன்னொண்டு. நான் இன்னும் முதல் விலையே சொல்லேல்ல, அதுக்குள்ள கடைசி விலை.

விலை கேக்கக் கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. காசு குடுத்து வாங்கிறவர் கேக்கத்தான் வேணும். எத்தினையாவதாக் கேக்கிறது எண்டதுதான் விஷயம். கிடைக்கிறதே கஷ்டமான ஒரு சாதி நாயைத் தேடிப் போறவர் முதல்ல தன்னைப் பற்றி ரெண்டு வரி சொல்ல வேணும், வளர்க்கிறவர் கேக்கிற கேள்விக்குப் பொறுமையாப் பதில் சொல்ல வேணும், இதத்தான் நான் எழுத வந்தது. "நாய்க்குட்டிக்கு என்ன பெரிய இன்டர்வியூ" எண்டு ஒரு அண்ணை என்னோட சண்டைக்கே வந்திட்டார்.

இன்டர்வியூ ஏனெண்டு சொல்லுறன். ராஜபாளையம் வேட்டைக்கு வளர்த்த நாய், முந்தி தமிழ்நாட்டில காட்டுப்பண்டிக்கு விடுறது. நெட்டைக் கால், ஓடத் தொடங்கினா கூப்பிட்டுத் திரும்பாது. இப்ப எங்கட ரவுணை யோசிச்சுப் பாருங்க, கோட்டை வாசலில இருந்து கோணேஸ்வரம் ஏறுற ரோட்டு முழுக்க புள்ளிமான், பின்னேரத்தில கடற்கரைப் பக்கமும் வந்து சனத்துக்கு நடுவில நிக்கும், வேற எந்த ஊரில இப்பிடி இருக்கு? அந்த ஏரியாவில மதில் இல்லாத வீட்டில இந்த நாயை விட்டா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல, மான் பாதுகாக்கப்பட்ட மிருகம், பிறகு கேஸ் வேற. அதால அக்கா கேக்கிற முதல் கேள்வி "உங்கட வீட்டுக்கு மதில் இருக்கோ, எவ்வளவு உயரம்?" எண்டுதான். அதுக்கு ஒரு தம்பி எழுதினார், "நான் நாய் கேட்டன், நீங்க வீடு விக்கச் சொல்லுற மாதிரிக் கதைக்கிறீங்க" எண்டு. சிரிப்பு வந்தது உண்மைதான், ஆனா குட்டி குடுக்கேல்ல.

இந்த நாய்க்கு இப்ப ஏன் இவ்வளவு ஆசை எண்டும் விளங்குது. 2005 ல இந்தியத் தபால்துறை நாட்டு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அதில ராஜபாளையமும் இருந்தது, 2020 ஆகஸ்ட்டில இந்தியப் பிரதமரும் வானொலியில நாட்டு நாய்களைப் பற்றிக் கதைக்கேக்க ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எண்டு பேர் சொன்னவர், பிறகு யூடியூப்காரர் சும்மா இருப்பாங்களா. தமிழ்நாட்டுப் பக்கம் கன்னி நாயைக் காசுக்கு விக்காமல், நல்லாப் பாப்பன் எண்டு சொல்லுறவருக்கு வாக்கு வாங்கிக்கொண்டு சும்மா குடுக்கிற வழக்கம் இருந்ததெண்டு சொல்லுவாங்க. எங்கட அத்தான் சும்மா குடுக்கிற அளவுக்குப் பெரிய மனுசன் இல்ல, தீன் விக்கிற விலைக்கு ஏலவும் ஏலாது, ஆனா வாக்கு மட்டும் கட்டாயம் வாங்குவார்.

அடுத்தது "எப்ப கிடைக்கும், இந்தக் கிழமை தாங்கோ" எண்டு நிக்கிறவங்க. பெட்டை ஆறு மாசத்துக்கு ஒருக்கா அளவில ஹீட்டுக்கு வரும், ஒவ்வொரு தரமும் குட்டி எடுத்தா தாய் தேஞ்சு போயிடும், அதால ஒண்டு விட்டு ஒண்டுதான் பாக்கிறது. அதுக்கும் சொந்தம் இல்லாத கடுவன் வேணும், எங்கட பக்கத்தில நிக்கிறதெல்லாம் ஏதோ ஒரு வழியில அண்ணன் தங்கச்சி, கொழும்புப் பக்கம் ஆள் பிடிச்சுக் கொண்டு போக வேணும். பிறகு சினை 63 நாள் அளவில, பிறந்து குறைஞ்சது 8 கிழமை தாயோட நிக்க வேணும், கூட்டிப் பாத்தா அதுவே நாலு மாசம் வந்திட்டுது. முப்பது நாளில குட்டியத் தாங்கோ, கையில பழக்கிறம் எண்டு கேக்கிறாங்க. தாயும் கூடப்பிறந்ததுகளும் கடிச்சு விளையாடித்தான் எவ்வளவு கடிக்கலாம் எண்டு குட்டிக்குப் பழக்கிறது, நாங்க பழக்கேலாது.

சொல்லாமல் கொள்ளாமல் வாறதுதான் எல்லாத்திலயும் மோசம். போன சீசனில ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியில குளிச்சிட்டு ஒரு வான் நிறைய ஆக்கள் நேரா கேற்றடியில வந்து இறங்கினாங்க, சின்னப் பிள்ளையளின்ட கால் எல்லாம் மண், ஒரு ஐயா கேக்காமலே கொட்டிலுக்குள்ள போய் மூண்டு கிழமைக் குட்டியக் கழுத்தில பிடிச்சுத் தூக்கிட்டார். தாய் குரைக்கேல்ல. ஒரு சத்தமும் இல்லாமல் ஒவ்வொண்டா வாயில கவ்விக்கொண்டு போய் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால வச்சது, அண்டைக்கு இரவு வரைக்கும் அக்காவையும் கிட்ட விடேல்ல. வந்தவங்க போகேக்க சொன்னது, "வேற ஒரு இடத்திலயும் பாத்திட்டுத்தான் வாறம், அங்க குட்டிக்கு வயித்தாலடி."

அதக் கேட்டதும் அக்காவுக்குக் கைகால் ஓடேல்ல. குட்டியளுக்கு வயித்தாலடி வந்து சாகிற பார்வோ எண்ட வருத்தம் அப்பிடித்தான் வாறது, செருப்பில, கையில, சாரத்தின்ட கரையில ஒட்டிக்கொண்டு. அந்த வைரஸ் மண்ணில மாசக்கணக்கில, சில இடத்தில ஒரு வருசத்துக்கும் கிடக்கும், சும்மா சோப் போட்டுக் கழுவினா சாகாது, பிளீச் கலந்த தண்ணி வேணும். தாய்ப்பாலில வந்த காப்பு ஆறாம் கிழமைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குறையும், ஊசி ஆறில இருந்து எட்டுக் கிழமைக்குள்ள தொடங்கி 16 கிழமை வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டாத்தான் முழுசாப் பிடிக்கும், இடையில இருக்கிற காலம்தான் ஆபத்து. அதனாலதான் வெளியில செருப்பைக் கழட்டச் சொல்லுறது, கை கழுவச் சொல்லுறது, தூக்காதீங்க எண்டு சொல்லுறது. உங்களை ஊத்தையெண்டு சொல்லேல்ல. ஒரே நாளில ரெண்டு மூண்டு வீடு ஏறி இறங்காதீங்க, அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம், குட்டிப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டு, அந்தப் படத்தைத் தங்கட நம்பரோட பேஸ்புக்கில போட்டு அட்வான்ஸ் வாங்குறவங்க. கவனம்.

"இராமேஸ்வரத்தில இருந்து போட்டில எடுத்துத் தரலாமே" எண்டு கேக்கிறவங்களும் இருக்காங்க, அத ஒரு பகிடி மாதிரிக் கேப்பாங்க. வெளிநாட்டு நாய் எண்டா பேராதனையில இருக்கிற கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின்ட பெர்மிட் வேணும், விசர்நாய்க்கடி ஊசி போட்ட சேர்டிபிகட் வேணும். இது ஒண்டும் இல்லாமல் இரவில கடலால வாற நாய் என்னத்தைக் கொண்டு வருமெண்டு ஆருக்குத் தெரியும். இப்பிடிக் கேட்டவருக்கு நான் பதிலே போடுறேல்ல.

ஆனா நல்லாக் கேக்கிறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்ல வேணும். தம்பலகாமத்தில இருந்து ஒரு ரீச்சர் எழுதினா: வணக்கம் தம்பி, வீட்டில நாலு பேர், வளவு பெரிசு, சுத்தி மதில், முந்தி ஒரு நாட்டு நாய் வளர்த்தனாங்கள் கிழடாகித்தான் செத்தது, இப்ப குட்டி இல்லாட்டியும் பரவாயில்ல, ஒருக்கா வந்து தாயைப் பாக்கலாமோ, வெள்ளை நாய்க்குக் காது கேக்காமல் போறது உண்டெண்டு கேள்விப்பட்டன் நீங்க எப்பிடிப் பாக்கிறனீங்கள் எண்டு. அந்தக் கடைசிக் கேள்வியோட அக்கா பாதி குடுத்த மாதிரித்தான்.

ஏனெண்டா அது உண்மை, ராஜபாளையம் அனேகமா வெள்ளைதான், இந்தச் சாதியில செவிடு பிறக்கிறது இருக்கு, விக்கிறவங்க கனபேர் வாயே திறக்க மாட்டாங்க. கூட்டத்தோட படுத்திருக்கேக்க சத்தம் போட்டா கண்டுபிடிக்கேலாது, மற்றக் குட்டி எழும்ப அந்த அசைவில செவிட்டுக் குட்டியும் எழும்பிடும். அதால அக்கா ஒவ்வொண்டாத் தனிய ஒரு அறையில படுக்க வச்சிட்டு, கதவுக்கு வெளியில நிண்டு பால்மா ரின் மூடியில கரண்டியால ஒரு தட்டுத் தட்டுவா, நித்திரையில இருக்கிற குட்டியின்ட காது மடல் ஆடுதா எண்டு நான் ஜன்னலால பாக்க வேணும். கிட்ட நிண்டு கை தட்டினா காத்து அடிச்சே முழிச்சிடும், அது கணக்கில்ல. போன ஈத்தில ஒரு பெட்டைக் குட்டிக்கு ஆடேல்ல. அது இப்பவும் அக்கா வீட்டிலதான் நிக்குது, கேற்றைச் சாத்தாமல் விட்டா மட்டும் பயம்.

வளர்க்கிற எங்கட பக்கத்திலயும் சரியில்லாத ஆக்கள் இருக்காங்க. தாயைக் காட்டுங்கோ எண்டு கேட்டா "ஊருக்குப் போயிட்டுது" எண்டு சொல்லுறவரிட்ட வாங்காதீங்க. ஊசிக் கார்ட் கேளுங்க, தகப்பன் எந்த நாய் எண்டு கேளுங்க, இதெல்லாம் மரியாதைக் குறைவில்ல, நல்ல வளர்ப்பாளர் சந்தோசமாச் சொல்லுவார். வேண்டாமெண்டு மனம் மாறினா அதையும் ஒரு மெசேஜில சொல்லிவிடுங்க, உங்களுக்கெண்டு வச்ச குட்டிய வேற ஆளுக்குக் குடுக்கலாம். வளர்க்க ஏலாமல் போனா கோயிலடியில கொண்டு போய் விடாமல் வாங்கின வீட்டுக்கே திருப்பிக் குடுங்க, அத்தான் எந்த வயசில எண்டாலும் எடுப்பார், காசு திருப்பிக் குடுப்பாரா எண்டு மட்டும் என்னைக் கேக்காதீங்க.

உங்கட பத்திரிகையிட்டயும் ஒரு வேண்டுகோள். சிறு விளம்பரத்தில "உயர்சாதி நாய்க்குட்டிகள் விற்பனைக்கு" எண்டு போடேக்க, குட்டி பிறந்த திகதியையும் முதல் ஊசி போட்டாச்சா எண்டதையும் விளம்பரக்காரரிட்டக் கேட்டு எழுதினா என்ன? ஒரு வரிதானே கூடும்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்,
உப்புவெளி, திருகோணமலை