பட்டியாலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதபோது அம்மை பக்கத்தில் இருந்தாள். அதனால் நான் ரொம்பப் பேசவில்லை. போனில் எனக்குப் பேச்சும் வராது, அதான் எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கிய மரபணுச் சோதனை பற்றி உன் பயிற்சியாளர் படிப்பு வகுப்பில் பேச்சு. நீ சாந்தி சௌந்தரராஜனைச் சொன்னாய். உன்னோடு படிக்கிற அந்தப் பெண் ‘அது ஏமாற்று, பதக்கத்தைப் பிடுங்கினது சரி’ என்றாள். நீ கத்திவிட்டு வெளியே வந்துவிட்டாய். இனி அவளோடு சேர்ந்து பயிற்சி வகுப்பு நடத்துகிற லெசன் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

அவள் பெயர் என்ன என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ‘ஹரியானாக்காரி’ என்றாய். உன்னை ‘மதராசி’ என்று கூப்பிட்டதற்காக முதல் மாதம் நீ சாப்பிடாமல் கிடந்தது எனக்கு மறக்கவில்லை.

சாந்தி பற்றி நீ சொன்னதில் தப்பில்லை. செங்கல் சூளையில் உழைத்த குடும்பத்துப் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனையில் பறிகொடுத்தார். ஊக்கமருந்து இல்லை, பிறந்த உடம்போடு ஓடினார். பிறகு நீ படிக்கிற மாதிரியே பயிற்சியாளர் படிப்பு படித்து, பிள்ளைகளை ஓட வைத்தார். இதில் எவ்வளவு அந்தப் பிள்ளைக்குத் தெரியும்? சொல்வதற்குள் நீ எழுந்துவிட்டாயே. பெண்கள் பந்தயம் எல்லாருக்கும் நியாயமாக இருக்கணும் என்று அவள் கேட்பதும் கேள்விதான். எனக்கே அதற்கு முழுப் பதில் தெரியாது.

நம் ஊர்க் கதையையாவது சொல்லியிருக்கலாம். உன் பூட்டிக்குப் பூட்டி காலத்தில் நம் பெண்கள் தோளில் சீலை போடலாமா கூடாதா என்று அடுத்தவன் முடிவு செய்தான். அடி வாங்கி, சீலை கிழிபட்டு, 1859-ல்தான் மேலே துணி போடலாம் என்று திருவிதாங்கூர் ராஜா அறிவிப்புப் போட்டார். பெண் உடம்பை ஊரார் அளப்பது நமக்கு ஏன் சுடுகிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்திருக்கும். புரியாமலும் போயிருக்கலாம்.

என் கதை ஒன்று உனக்குத் தெரியாது. பி.டி. வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. கடப்புறத்துப் பையன் ஒருத்தன் தினமும் ஏழுக்கு வருவான், காலெல்லாம் மணல். 82-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து, கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருப் பையன்கள் கடற்கரைப் பக்கம் விளையாடப் போனதில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி என் மனசில் என்னவெல்லாமோ படிந்து கிடந்தது. ‘இவனுகளுக்கு நேரம் காலம் கிடையாது’ என்று மாவட்டப் போட்டிக்கு அவன் பெயரை அடித்துவிட்டேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் விடிகாலை முட்டம் பக்கம் போனபோது கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேருக்கு நடுவில் அவன். கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான், கயிற்றை விடவில்லை. இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்றுதான் இழுக்கத் தொடங்கும். மடி கரைக்கு வர வர ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு கையை விட்டால் மடி கோணும், மீன் போய்விடும். கரையில் அவர்கள் ஒருத்தரையொருத்தர் ஏசுகிற ஏச்சை நான் எழுத முடியாது. ஆனால் யாரும் கையை விடவில்லை. அவனுக்கும் ஒரு பங்கு மீன் உண்டு. வீட்டுக்கு அதுதான் வருமானம்.

பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்ற எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. ஏன் தாமதம் என்று கேட்க ஒரு வருஷம் ஆனது. அதற்குள் அவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வள்ளத்தில் போய்விட்டான்.

நாளை உன் மைதானத்துக்கும் அப்படி ஒருத்தி தாமதமாக வருவாள். அதனால் லெசனை அவளோடேயே எடு. முந்தின நாள் போய், ‘அன்றைக்குக் கத்தினது தப்பு, சொன்ன விஷயம் தப்பில்லை, இன்னும் பேசணும்’ என்று சொல். உன் ஹிந்தி போதாவிட்டால் யாரையாவது கூட வைத்துக்கொள். மறுபடியும் ‘மதராசி’ என்றால் அங்கேயே அவள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல். அதற்கும் கேட்காவிட்டால் பயிற்சியாளரிடம் போ. அதில் வெட்கம் இல்லை.

அம்மை முந்திரிக்கொத்து பார்சல் போட்டிருக்கிறாள், இந்தத் தடவை இரண்டு டப்பா. மூடியில் உன் பெயரை எழுதின டப்பா உனக்கு. இன்னொன்றில் எழுத எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. நீயே கேட்டு எழுதிக் கொடு.

அப்பா