பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட வடகடல் கப்பல் பயணம்: முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
மஞ்சள் மண்டி உரிமையாளர், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் சுற்றுலா நிறுவனத்தின் ஈரோட்டுக் கிளை, கோவை அவினாசி சாலை அலுவலகம், கட்டணமில்லாத் தொலைபேசி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் என்று ஒவ்வோர் இடமாக முறையிட்டு ஓய்ந்துபோன பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். இதையும் வேறொரு பிரிவுக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பிரிவின் எண்ணை எனக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பிவைக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, நானும் என் மனைவியும் சென்ற ஜூன் மாதம் தங்களுடைய வடகடல் கப்பல் பயணத்தில் சென்றோம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏறி, நார்வேயின் கெய்ராங்கர், டிரோம்சோ வழியாக ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் லாங்கியர்பியென் வரை போய், திரும்பும் வழியில் ஹோனிங்ஸ்வாக் துறைமுகத்தில் இறங்கி நார்த் கேப் என்ற கடல்முனையைப் பார்த்து, பெர்கன் வழியாக ஹாம்பர்க் வந்து சேர வேண்டிய பயணம் அது. மற்ற விவரங்கள் தங்கள் கோப்பில் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை. நாங்கள் டிரோம்சோவிலேயே இறக்கிவிடப்பட்டோம். தங்கள் விசாப் பிரிவு எங்களுக்காக நிரப்பிய விண்ணப்பத்தில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஒருமுறை நுழைவுக்கு மட்டும் கேட்டிருந்ததே அதற்கு ஒரே காரணம்.

ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதுதான். 1920ஆம் ஆண்டு பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த உரிமையை நார்வேக்கு அளித்தது. ஆனால் அத்தீவுகள் ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால், டிரோம்சோவிலிருந்து அங்கே புறப்படும்போதே நம்மைப் போன்றவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர்களாகி விடுகிறோம். திரும்பி வந்து நார்த் கேப்பில் கால் வைப்பதற்கு இரண்டாவது நுழைவு தேவை. இதை ஒரு மஞ்சள் வியாபாரி, இந்தப் பயணத்தையே விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு விற்பவரே வசூலிக்கும் டி.சி.எஸ். வரியை ஒரு ரூபாய் பிசகாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்த தங்கள் அலுவலகத்துக்கு, விசா விண்ணப்பத்தில் சரியான கட்டத்தில் ஒரு குறியிடத் தெரியாமல் போனது எப்படி என்பதை அறிய விரும்புகிறேன்.

டிரோம்சோவுக்கு முந்தைய மாலை, கப்பலின் வரவேற்பு மேசைக்கு எங்களை அழைத்தார்கள். அங்கிருந்த பெண் அலுவலர் என் மனைவியின் பாஸ்போர்ட்டைத் திறந்து, விசா ஒட்டியிருந்த பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி, நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தில் அச்சாகியிருந்த 01 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தபடி, எதுவும் பேசாமல் நின்றார். பிறகு, மிகவும் வருத்தத்துடன், மறுநாள் நாங்கள் இறங்கியாக வேண்டும் என்றார். அறைச் சாவியாகவும் அடையாளமாகவும் இருந்த அட்டைகளைத் துறைமுக வாயிலில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பெட்டிகளோடும், என் மனைவி ஊரிலிருந்து கட்டி எடுத்து வந்திருந்த பருப்புப்பொடிப் பையோடும் நாங்கள் சாலையோரம் நின்றபோது, தங்கள் அவசர உதவி எண் இந்திய அலுவலக நேரத்தில் மட்டுமே இயங்கும் என்று பதிவு செய்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கப்பல்காரர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. சட்டப்படி நடந்தவர்கள் அவர்கள்.

தாங்கள் விசாரிக்க வேண்டியது தங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் என் அழைப்பை எடுத்த அந்த இளைஞரைத்தான். அழைப்பைப் பதிவு செய்வதாகத் தாங்களே அறிவிக்கிறீர்கள் அல்லவா, தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள். "படிச்சவங்கதானே சார் நீங்க? ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குன்னு பாக்க மாட்டீங்களா?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஸ்வால்பார்டும் நார்வேதானே சார், உங்கள யாரு இறங்கச் சொன்னது?" என்றார். இரண்டில் எது தங்கள் நிறுவனத்தின் நிலைப்பாடு? ஒருமுறை விசா தவறு என்றால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் தாங்கள். சரி என்றால் எங்களை ஏன் இறக்கினார்கள்? நான் இதைக் கேட்டதும், "கத்தாதீங்க, பெரியவரே" என்று சொல்லிவிட்டு இணைப்பைக் காத்திருப்பில் போட்டார். இசைதான் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் வரவில்லை. என் மண்டியில் சுமை தூக்குகிறவர்களைக் கூட நான் ஒருமையில் அழைத்ததில்லை. அவர் ஒருமையில் ஏசியிருந்தால்கூட மறந்திருப்பேன், அந்த "பெரியவரே"யில் இருந்த ஏளனத்தை மறக்க முடியவில்லை.

பிறகு வந்த மின்னஞ்சலில், "பயணிகள் தம் விருப்பத்தின் பேரில் டிரோம்சோவில் இறங்கினர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியைக் காட்டித்தான் பயணக் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுத்திருக்கிறது. வடதுருவ வட்டத்துக்கு அப்பால், மொழி தெரியாத ஊரில், மூட்டுவலியுள்ள மனைவியோடு எவன் ஐயா விருப்பத்தின் பேரில் இறங்குவான்?

கோவைக்கு வரவழைத்ததையும் சொல்லியாக வேண்டும். ஈரோட்டுக் கிளையில், "ஏனுங்கண்ணா, இதெல்லாம் கோயமுத்தூர்லதானுங்க பாப்பாங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட ரண்டு பேரும் நேர்ல போயிருங்க" என்று மரியாதையாகவே அனுப்பினார்கள். அவினாசி சாலை அலுவலகத்தில் மின்தூக்கி பழுது. என் மனைவி கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்து உட்கார்ந்தார். காலையில் போன எங்களிடம் மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்த பிறகு ஒருவர் வந்து, கோப்பு சென்னையில் இருப்பதாகவும், புகாரை இணையத்தில் மட்டுமே பதிய முடியும் என்றும் சொன்னார். பாஸ்போர்ட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. டிரோம்சோவில் பட்ட அவமானத்தை விட இது பெரிது என்றே என் மனைவி இன்றும் சொல்கிறார்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். தங்கள் ஜூன் மாத விளம்பரத் தாளில், கப்பலுக்கு மேலே பச்சை நிறத்தில் துருவ ஒளி ஆடுவதாகப் படம் போட்டிருக்கிறீர்கள். டிரோம்சோவில் மே மூன்றாம் வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டே இல்லாத வானத்தில் துருவ ஒளி எப்படித் தெரியும்? என் மனைவி அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பதிவின்போதே இதைக் கேட்டார். "லக் இருந்தா தெரியும் மேடம்" என்று பதில் வந்தது. ஈரோட்டுச் சந்தையில் விரலி மஞ்சள் என்று சீட்டு எழுதிக் கிழங்கு மஞ்சளை ஏற்றி அனுப்புகிறவனை மறு ஏலத்தில் யாரும் அருகில் சேர்ப்பதில்லை. தங்கள் தொழிலில் மட்டும் அதற்குப் பெயர் விளம்பரமாக இருக்கிறது.

நள்ளிரவுச் சூரியனை விடுதி அறையின் திரை இடுக்கில் பார்த்தோம். ஆனால் ஸ்வால்பார்டு போனது போனதுதான். 2008 முதல் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்கும் தீவுக்கூட்டம் அது என்று ஆண்டுக்கணக்கில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த என் மனைவிக்கு, அந்தக் கடலையாவது பார்த்துவிட வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. அந்த ஆசையைத் தாங்கள் கொன்றுவிட்டீர்கள். உறவு முறையெல்லாம் கூட்டி விருந்து வைத்து வழியனுப்பியவர்கள், பாதியில் திரும்பி வந்த எங்களை ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்களைப் போலப் பார்க்கிறார்கள். கொங்கு நாட்டில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய நட்டம் கிடையாது. கோடி கொடுத்தாலும் அது ஈடாகாது.

ஆயினும், பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இருவருக்கும் செலுத்திய முழுத் தொகையையும், டிரோம்சோ விடுதிச் செலவையும், அங்கிருந்து ஓஸ்லோ வழியாக ஊர் திரும்ப நாங்களே வாங்கிய விமானச் சீட்டுகளின் விலையையும் திருப்பித் தர வேண்டும். "விருப்பத்தின் பேரில்" என்ற வரியை நீக்கித் திருத்திய கடிதம் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்ல வேண்டும். அந்த இளைஞர் என் மனைவியிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தாங்கள் நல்ல நிறுவனம் என்று நம்பித்தான் வந்தோம். இப்போதும் நீதிமன்றப் படியேறும் ஆசை எனக்கில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, சேவைக் குறைபாட்டுக்கும் நியாயமற்ற வணிக நடைமுறைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அச்சட்டம் இடம் தருவதால், இனி ஈரோட்டுக்கு வர வேண்டியவர்கள் தாங்கள்தான். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடுவேன். விசாப் பக்கங்கள், தங்கள் அலுவலகம் நிரப்பிய விண்ணப்பம், கட்டண ரசீதுகள், விளம்பரத் தாள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு.